எலெக்ட்ரிக் காருக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி: நான் சொன்ன கணக்குக்கு ஒரு திருத்தம்



போன வாரம் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பழைய மாணவன் ஒருவன், ஷோரூமிலிருந்து பேசினான். எலெக்ட்ரிக் கார் எடுக்கிறானாம்.

"சார், எக்ஸ்டெண்டட் வாரண்டி போடச் சொல்றாங்க. 3 வருஷத்துக்கு அப்புறம் இன்னும் 2 வருஷம். 30 ஆயிரத்துக்கிட்ட வருது. போடவா, வேண்டாமா? பேனாவைக் கையில வச்சிக்கிட்டு நிக்கேன் சார்."

"இன்னைக்குப் போடாத. ரெண்டு நாள்ல நானே கூப்பிடுதேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவனுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். இதே கேள்விக்கு முன்னெல்லாம் நான் ஒரு நிமிஷத்தில் பதில் சொல்வேன். அப்படி ஒரு நிமிஷத்தில் சொன்ன ஒரு பதிலைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். கார் வாங்கப் போகிறவர்கள் கட்டாயம் படியுங்கள்.

2018-இல் ஓய்வு பெற்றேன். 2021-இல் நானும் ஒரு எலெக்ட்ரிக் கார் எடுத்தேன். அன்றைக்கு என்னிடமும் அந்தத் தாளை நீட்டினார்கள். வரியோடு சேர்த்து 27,000 ரூபாய். முப்பத்திரண்டு வருஷம் கணக்கு நடத்தியவன் சும்மா இருப்பேனா? அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டேன்.

காரில் ரொம்ப விலை கூடிய சாமான் பேட்டரி. அதற்குத் தனி வாரண்டி உண்டு. நம் நாட்டில் பெரும்பாலும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. ஆகவே இந்த 27,000 பேட்டரிக்காக இல்லை. எஞ்சின், எஞ்சின் ஆயில், சைலன்சர் எதுவும் எலெக்ட்ரிக் காரில் கிடையாது. அப்படியென்றால் எதற்கு இந்தப் பணம்? மீதி இருக்கிற மின்னணுப் பெட்டிகளுக்கு. வீட்டு மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் சார்ஜர், மோட்டாரை இயக்கும் இன்வெர்ட்டர், ஏ.சி. கம்ப்ரஸர், முன்னால் இருக்கும் பெரிய திரை, இப்படிச் சில. அதில் பெரிதாக ஒன்று போனால் 90,000 ஆகும் என்று வைத்துக்கொண்டேன்.

27,000-ஐ 90,000-ஆல் வகுத்தால் பத்தில் மூன்று. அதாவது 10 காரில் 3 காருக்கு அந்த இரண்டு வருஷத்துக்குள் அவ்வளவு பெரிய பழுது வந்தால்தான் கட்டின காசுக்குச் சரியாகும். அப்படிப் பழுதாகும் காரை யார் வாங்குவார்கள்? அதோடு, அந்த 27,000-க்குள் 18 சதவீத ஜி.எஸ்.டி. இருக்கிறது. காருக்கு 5 சதவீதம்தான். விற்கிறவருக்கு ஒரு பங்கும் இருக்கும். விற்பவர்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கணக்குப் பார்த்துத்தான் விலை வைக்கிறார்கள். சராசரியில் வாங்குபவனுக்கு நஷ்டம், விற்பவனுக்கு லாபம். இல்லாவிட்டால் அவர்கள் ஏன் விற்கப் போகிறார்கள்?

இன்னொன்றும் உண்டு. மின்னணுச் சாமான்கள் பழுதாவதைக் கோடு போட்டால் குளியல் தொட்டி மாதிரி வரும் என்பார்கள். புதிதில் கொஞ்சம் கூடுதல், நடுவில் குறைவு, வயதானபின் மறுபடி கூடுதல். முதல் மூன்று வருஷம் கம்பெனி பார்த்துக்கொள்கிறது. நாம் காசு கட்டுவது நடுவில் இருக்கிற அமைதியான காலத்துக்கு. ஆகவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்றுவரை என் காரில் வாரண்டியில் சேரும்படி ஒரு பழுதும் வரவில்லை. ஒரு தடவை பாளையங்கோட்டை எலி ஒன்று வயரைக் கடித்தது. அது எந்த வாரண்டியிலும் வராது.

அதே வருஷம் எனக்குப் பிரியமான மாணவன் ஒருவனும் கார் எடுத்தான். பெயர் வேண்டாம். 1998 பேட்ச் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவீர்கள், கண்டுபிடித்தாலும் கமெண்டில் எழுத வேண்டாம். தனியார் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறான். போக வர தினமும் 70 கிலோமீட்டர். பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை என்று லோன் போட்டு எலெக்ட்ரிக் கார் எடுத்தான். வாரண்டி பற்றி என்னிடம்தான் கேட்டான். என் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து மேலே சொன்ன கணக்கை அப்படியே போட்டுக் காட்டினேன். பத்தில் மூன்று, சராசரி, தொட்டி எல்லாம் சொன்னேன். அவனும் அந்தக் காலத்தில் தலையாட்டியது மாதிரியே தலையாட்டிவிட்டுப் போனான். வாரண்டி போடவில்லை.

போன வருஷம் தென்காசியில் ஒரு கல்யாணத்தில் அவன் மனைவியைப் பார்த்தேன். "கார் எப்படிம்மா ஓடுது?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"இப்ப நல்லா ஓடுது சார். நடுவுல சார்ஜர் போயிடுச்சில்ல, அப்பதான் கஷ்டப்பட்டோம். என் வளையலை பேங்க்ல வச்சுதான் மாத்துனோம். சித்திரையில திருப்பிட்டோம் சார்."

எனக்கு ஒன்றும் தெரியாது என்பது என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "ஐயையோ, உங்ககிட்ட சொல்லலையா? சார் வருத்தப்படுவாங்கன்னு சொன்னாங்க, நான்தான் உளறிட்டேன்" என்றாள்.

நடந்தது இதுதான். நாலாவது வருஷத்தில் ஒரு நாள் இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருக்கிறான். காலையில் பார்த்தால் ஏறவே இல்லை. காருக்குள் இருக்கும் சார்ஜர் போய்விட்டது. மூன்று வருஷ வாரண்டி முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. பேட்டரி வாரண்டி இருந்தது, ஆனால் சார்ஜர் அந்தக் கணக்கில் வரவில்லை. 92,000 ரூபாய் எஸ்டிமேட். பைபாஸில் இருக்கிற ஃபாஸ்ட் சார்ஜர் நேராக பேட்டரிக்கே மின்சாரம் கொடுப்பதால் பத்து நாள் அங்கே போய்ப் போய் ஏற்றி ஓட்டியிருக்கிறான். பள்ளி விட்டு வந்து, இரவு எட்டு மணிக்கு மேல் அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பானாம். என் வீடு அந்த வழியில்தான். ஒரு நாள்கூட உள்ளே வரவில்லை.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். "ஏன்ப்பா சொல்லல?" என்றேன். "நீங்க கணக்குதானே சொன்னீங்க சார், முடிவு நான்தானே எடுத்தேன்" என்றான். பணம் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. காபி கொடுத்து அனுப்பிவிட்டான்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கணக்கில் தப்பில்லை. யாருக்குப் போட்டேன் என்பதில்தான் தப்பு.

உங்கள் எல்லோருக்கும் வகுப்பில் ஒரு கதை சொல்லியிருப்பேன். ஆற்றின் சராசரி ஆழத்தைக் கணக்குப் போட்டுவிட்டு, குடும்பத்தோடு இறங்கி நடந்த கணக்கு வாத்தியார் கதை. ஆற்றின் நடுவில் ஆழம் கூடிப்போய் குடும்பமே முழுகும். நீங்கள் எல்லாம் சிரிப்பீர்கள். அந்தக் கதையை வருஷா வருஷம் சொன்ன நானே அந்த வாத்தியாராகிவிட்டேன்.

என்னுடைய தப்பு இரண்டு.

முதல் தப்பு: என் ஓட்டத்தை வைத்து அவனுக்குச் சொன்னேன். நான் கோவில், ஆஸ்பத்திரி, கல்யாணம் என்று வருஷத்துக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். அவன் மாதம் 24 நாள், நாளுக்கு 70 கிலோமீட்டர், வருஷத்துக்கு 20,000-க்கு மேல். என்னைவிட மூன்று மடங்குக்கு மேல் ஓடுகிறது, தினமும் சார்ஜ் ஏறுகிறது. இருவர் காருக்கும் ஒரே தொட்டி வளைகோட்டைப் போட்டது அறிவீனம்.

இரண்டாவது தப்புதான் பெரியது. எனக்கு 92,000 செலவு வந்தால் வருத்தப்படுவேன், பென்ஷன் வாங்கும் பேங்கில் போய் எடுத்துக் கட்டிவிடுவேன். அவனுக்கு அது மனைவியின் வளையல். கார் நின்றால் எனக்கு ஆட்டோ இருக்கிறது. அவனுக்கு வேலைக்குப் போக வழியில்லை. ரூபாய் ஒன்றுதான், ஆனால் அது விழுகிற இடத்தைப் பொறுத்து அடி வேறு. சராசரியில் நஷ்டம் என்று தெரிந்தேதான் நாம் வீட்டுக்கும் உயிருக்கும் இன்ஷூரன்ஸ் கட்டுகிறோம். ஒரே அடியாக விழுந்தால் தாங்க மாட்டோம் என்பதால்தான்.

அதற்காக எல்லோரும் போய்க் கட்டுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். மதுரையில் என் சம்பந்தி கட்டினார். நாலாவது வருஷம் ஏ.சி. கம்ப்ரஸர் போனது. ஒரு வருஷ சர்வீஸை நாலு மாதம் தாமதமாக விட்டதால் வாரண்டி செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் விடவில்லை. காரணத்தை எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, 1915 என்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தார். கடைசியில் சாமான் அவர்கள் செலவு, கூலி இவர் செலவு என்று முடிந்தது. அதற்கும் சரிப்பட்டு வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஆக, வாரண்டி என்பது பழுது பார்த்துத் தருவோம் என்ற வாக்குறுதி மட்டும் இல்லை. நாம் காப்பாற்ற வேண்டிய நிபந்தனைகளும் அதில் உண்டு. தாளைப் படிக்காமல் கட்டினால் 27,000-மும் போகும், 90,000-மும் போகும்.

ஆகவே இனி யார் கேட்டாலும் நான் சொல்லப்போகும் பதில் இது:

1. டெலிவரி அன்றைக்கு முடிவு செய்ய வேண்டாம். மாலையும் எலுமிச்சம்பழமுமாக நிற்கிற நேரம் கையெழுத்துப் போடுகிற நேரம் இல்லை. பல கம்பெனிகளில் முதல் வாரண்டி முடிவதற்குள் பிறகும் சேரலாம். நாள் ஆக ஆக விலை கூடும். எந்தத் தேதி வரை, எவ்வளவு கூடும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

2. பேட்டரிக்கு ஏற்கெனவே இருக்கிற வாரண்டியைத் தனியாகப் படியுங்கள். பல கம்பெனிகள் பேட்டரியின் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் குறை என்று ஏற்கும். சில கார்களுக்கு ஆயுள் வாரண்டி என்பார்கள், அது முதல் உரிமையாளருக்கு மட்டும் என்று இருக்கும். பழைய கார் வாங்குகிறவர்கள் இதை முதலில் பாருங்கள்.

3. கூடுதல் வாரண்டியில் சார்ஜர், இன்வெர்ட்டர், ஏ.சி. கம்ப்ரஸர், திரை ஆகிய நாலும் பெயர் சொல்லி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேண்டாம். டயர், பிரேக் பேட், வைப்பர் எப்படியும் வராது. சின்ன 12 வோல்ட் பேட்டரியும் பெரும்பாலும் வராது.

4. கொடுப்பது கார் கம்பெனியா, டீலரா, வேறு யாருமா என்று கேளுங்கள். கம்பெனியே கொடுத்தால் எந்த ஊரிலும் செல்லுபடியாக வாய்ப்பு அதிகம். கிலோமீட்டர் வரம்பையும் பாருங்கள். டாக்ஸியாக ஓட்டுகிறவர்களுக்கு நிபந்தனை வேறாக இருக்கும்.

5. எலி, வெள்ளம், விபத்து மூன்றும் வாரண்டிக் கணக்கில் வராது. 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளத்தில் காரைப் பறிகொடுத்தவர்களுக்கு இது தெரியும். அதற்கு இன்ஷூரன்ஸ்தான். பேட்டரிக்கும் தண்ணீருக்கும் தனியாகச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். கையில் இருப்பது ஒன்றுக்குத்தான் போதும் என்றால், நல்ல இன்ஷூரன்ஸ் முதலில்.

6. சர்வீஸை நாள் தவறாமல் விடுங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வெளிக்கடையில் வயரை வெட்டி கேமரா, விளக்கு மாட்டாதீர்கள். வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள்.

இதெல்லாம் பார்த்தபின் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: நாளைக்குக் காலையில் ஒரு லட்ச ரூபாய் கட்டு என்றால் நகையைத் தொடாமல், வட்டிக்கு வாங்காமல் கட்ட முடியுமா? முடியும் என்றால் வாரண்டி வேண்டாம். அந்த 27,000-ஐ பேங்கில் தனியாகப் போட்டு, மாதம் ஆயிரம் சேர்த்து வாருங்கள். கொடை வந்தாலும் கல்யாணம் வந்தாலும் அதைத் தொடக் கூடாது. தொட்டுவிடுவோம் என்று தெரிந்தால் உங்களுக்கும் வாரண்டிதான் சரி. முடியாது என்றால், அதுவும் தினமும் நெடுந்தூரம் ஓட்டுகிறவர் என்றால், நிபந்தனைகளைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். ஐந்து வருஷம் ஒன்றும் ஆகவில்லை என்றால் பணம் வீண் என்று நினைக்காதீர்கள். நிம்மதியாகத் தூங்கியதற்குக் கொடுத்த கூலி அது.

நான் கொஞ்ச நாளில் எழுபதைத் தொடப்போகிறவன். இன்னும் நீங்கள் "சார், என்ன செய்யட்டும்?" என்று கேட்பது எனக்குப் பெருமைதான். ஆனால் கேட்கும்போது உங்கள் நிலைமையையும் சொல்லுங்கள். சொல்லாவிட்டாலும் கேட்க வேண்டியது என் கடமை. அன்றைக்குத் திண்ணையில் "கையில எவ்வளவுப்பா இருக்கு?" என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருந்தால் போதும்.

ஷோரூமிலிருந்து கூப்பிட்ட மாணவனிடம் பிறகு பேசினேன். முதலில் அதைத்தான் கேட்டேன். அரை மணி நேரம் பேசினோம். அவன் என்ன முடிவெடுத்தான் என்பது அவன் வீட்டு விஷயம்.

1998 பேட்ச் மாணவனுக்கு ஒரு வார்த்தை. நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். அடுத்த முறை கார் நின்றாலும் சரி, நிற்காவிட்டாலும் சரி, பைபாஸில் உட்கார்ந்திருக்காதே. வீட்டுக்கு வா. காபி நான் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்