பூசணிக்காயும் பொருளாதாரமும்

பொருளாதாரத்தைப் பற்றி மகாநாடு கூட்டுவது நமக்குப் பழக்கமான காரியந்தான். இந்தியப் பொருளாதார சங்கம் 1917-ஆம் வருஷத்திலேயே தோன்றிவிட்டது. ஆனால் அதைக் கலாசாலையில் எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதற்காகவே தனி மகாநாடு கூடுகிறதென்றால், மூக்கின்மேல் விரல் வைக்கத் தோன்றுகிறதல்லவா? அமெரிக்காவில் 2011-ல் அப்படி ஒரு மகாநாட்டை ஆரம்பித்தார்கள். இவ்விஷயத்துக்கென்றே ஒரு சஞ்சிகை 1969 முதல் அங்கே வெளிவருகிறது. பெக்கர், வாட்ஸ் என்ற இரு பேராசிரியர்கள் நாடெங்கும் விசாரித்து 1996-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பொருளாதார வகுப்பில் பெரும்பாலும் ஆசிரியர் பேசுகிறார், கரும்பலகையில் எழுதுகிறார், அவ்வளவுதான் என்பதே அது. நம் ஊர்ப் பிள்ளைகளைக் கேட்டிருந்தால் செலவில்லாமலே சொல்லியிருப்பார்கள்!

தேய்பிறை அஷ்டமி ஒன்றில் தர்மபுரிக்கு அருகிலுள்ள அதியமான்கோட்டைக்குப் போயிருந்தோம். அங்கே காலபைரவர் சந்நிதியில் அன்று சாம்பல் பூசணிக்காயில் விளக்கேற்றுவது வழக்கம். கோயில் வழியில் பூசணிக்காய்க் கடை போட்டிருந்தவர் நமக்குத் தூரத்து உறவு. அவருடைய பெண் கலாசாலையில் பொருளாதாரம் படிப்பவள். தகப்பனாருக்கு ஒத்தாசையாக நின்றிருந்தாள்.

“தேவையின் நெகிழ்ச்சி என்றால் என்ன, அம்மா?” என்று கேட்டோம். மடமடவென்று ஒப்பித்தாள். உதாரணம் கேட்டதற்கு ஆப்பிள் பழத்தைச் சொன்னாள்.

“சரி, இன்றைக்குக் காய் என்ன விலை?”

“அஷ்டமியில் அப்பா கொஞ்சம் ஏற்றித்தான் சொல்வார், மாமா. விளக்கேற்றவென்றே இவ்வளவு தூரம் வந்தவர்கள் வாங்காமலா போவார்கள்? கூட்டம் கலைந்த பிறகு பாருங்கள். மிச்சக் காயைச் சும்மா கொடுத்தாலும் ஆள் இராது.”

“பேஷ்! இதைப் பரீட்சையில் எழுதுவாயா?”

“இதையா? இது பாடத்தில் இல்லையே!” என்று சிரித்தாள்.

தகப்பனார் சிரிக்கவில்லை. “இவள் படிக்கிற படிப்பு எதற்கு உதவும் என்று தெரியவில்லை. நிறுத்திவிட்டு ஓசூருக்கு வேலைக்கு அனுப்பிவிடலாமா என்று பார்க்கிறேன்” என்றார். அவரைக் குறை சொல்ல நமக்கு நாவெழவில்லை.

இத்தனைக்கும் இதற்கு மருந்து நம் ராஜதானியிலேயே இருந்தது. ஆக்ஸ்போர்டில் தொழிலாளர் படிப்பதற்கென்று ஏற்பட்ட ரஸ்கின் கலாசாலையின் தலைவராயிருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், சென்னை சர்வகலாசாலையின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக 1915-ன் இறுதியில் வந்து சேர்ந்தார். அவர் செய்த காரியம் மிகச் சுலபமானது. கையில் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, ‘விடுமுறையில் உங்கள் கிராமத்துக்குப் போய் விசாரித்து வாருங்கள்’ என்று மாணவர்களை அனுப்பினார். நிலம் யாருடையது, கூலி எவ்வளவு, கடன் யாரிடம் என்றெல்லாம் அந்தப் பிள்ளைகள் கேட்டு எழுதி வந்தவை 1918-ல் புத்தகமாயின. பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அக்கிராமங்களை மறுபடி ஆராய்வித்து 1940-ல் இன்னொரு புத்தகம் வெளியிட்டார்கள். விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டுக்கோ 2008 வரையில்கூட ஆராய்ச்சியாளர்கள் போய் வந்திருக்கிறார்கள். மாணவன் ஒருவன் லீவு நாளில் தொடங்கிய வேலை தொண்ணூறு வருஷத்துக்கு மேல் நீடித்தது!

ஊருக்குத் திரும்பியதும் நாமும் ஒரு கேள்விப் பட்டியல் எழுதி அந்தப் பெண்ணுக்கு அனுப்பினோம். தகப்பனாரைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும் என்றும் குறிப்பிட்டோம். முதற் கேள்வி: ‘அஷ்டமிக்குப் பூசணிக்காய் எந்த ஊரிலிருந்து வருகிறது? அதை வாங்கக் கைமுதல் யார் கொடுத்தது, என்ன வட்டிக்கு?’