சூசைராஜ் வழக்கு: தருவைகுளத்தில் தீர்ப்பு இன்னும் வரவில்லை!

மீன்பிடித் தடைக்காலம் மொத்தம் 61 நாள். ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையின் விசைப்படகுகள் எல்லாம் கரையில்தான். தூத்துக்குடிக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும் தருவைகுளத்தில் அந்த இரண்டு மாதமும் மூன்று வேலை நடக்கும். படகுக்குப் பெயின்ட் அடிப்பது, வலை பொத்துவது, பந்தைப் பற்றிப் பேசுவது. முதல் இரண்டும் எப்படியோ முடிந்துவிடும்.

மூன்றாவது முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. இங்குள்ள பெரிய படகுகள் ஆழ்கடலுக்குப் போய், நாள்கணக்கில் தங்கி மீன் பிடித்துத் திரும்புபவை. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதுமே செல்போன் வெறும் டார்ச் லைட்தான். பத்து, பதினைந்து நாள் கழித்துக் கரையேறுகிறவர்கள் முதலில் சூரையும் சீலாவும் என்ன விலைக்குப் போகிறது என்று கேட்பார்கள். அடுத்து, 'மேட்ச் என்னாச்சு?' கரையில் இருப்பவனுக்கு அது ஆறிப்போன கஞ்சி. வந்தவனுக்கோ சுடச்சுடச் செய்தி. பேசி ஓய்ந்த விவகாரம் திரும்பவும் முதலில் இருந்து தொடங்கும்.

அப்படி வருஷக்கணக்கில் ஓடும் ஒரு விவகாரம்தான் மைக்கேல் சூசைராஜ். கன்னியாகுமரி மாவட்டம் இரவிபுத்தன்துறைக்காரர். அது கேரள எல்லையை ஒட்டிய மேற்குக் கடல், இது மன்னார் வளைகுடா. இரண்டுக்கும் காற்றும் வேறு, மீனும் வேறு. ஆனாலும் கடற்கரைப் பிள்ளை டிவியில் ஆடினால் அவன் எல்லாக் கடற்கரைக்கும் பிள்ளைதானே! அவருடைய சகோதரர் மைக்கேல் ரெஜினும் தொழில்முறை ஆட்டக்காரர் என்பதால், 'ஒரே வீட்டுல ரெண்டு' என்ற பெருமையும் பேச்சில் சேர்ந்துகொள்ளும்.

வழக்கு இதுதான். சென்னை சிட்டி அணியில் ஐ-லீக் ஆடிய சூசைராஜ், 2018-ல் ஐ.எஸ்.எல். அணியான ஜாம்ஷெட்பூருக்குப் போனார். உலகக் கோப்பைகளில் ஆடிய டிம் காஹில் இருந்த அணி அது. அங்கே இடப்பக்கத்தில் இருந்து உள்ளே வெட்டி வந்து இவர் அடித்த அடிகளை இன்றைக்கும் போனில் போட்டுப் பார்க்கிறார்கள். 2019-ல் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணிக்கு மாறினார். அதோடு கோல் காட்சிகள் குறைந்தன. 'புது கிளப்புக்குப் போய் ஃபார்ம் போச்சு' என்கிறது ஒரு கட்சி. 'போகல, நீங்கதான் தப்பான இடத்துல தேடுதீக' என்கிறது இன்னொன்று.

முதல் கட்சிக்குத் தலைவர், தூத்துக்குடியில் வேலை பார்க்கும் ஒரு இளைஞர். விரல் நுனியில் கணக்கு வைத்திருப்பவர். இரண்டாவது கட்சி அவருடைய தாய்மாமா. அறுபதை நெருங்குகிறார், கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டு வலை பொத்துகிறார். ஊசியும் நூலும் கையில் இருக்கும், கண் மட்டும் மருமகன் மேல் இருக்கும்.

"மாமா, ஜாம்ஷெட்பூர்ல கோல் போட்டான். கொல்கத்தாவுல எங்க? சொல்லுங்க பாப்பம்."

"எலே, அவன எந்த இடத்துல நிறுத்துனாங்கன்னு பாத்தியா, இல்ல ஸ்கோர மட்டும் பாத்தியா?"

விஷயம் மாமா சொல்வதில்தான் இருக்கிறது. ஜாம்ஷெட்பூரில் சூசைராஜ் முன்களத்துக்கு அருகே ஆடினார். பந்து வந்தால் எதிரணியின் பெட்டியை நோக்கி ஓடுவதே முதல் வேலை. ஏ.டி.கே.யின் பயிற்சியாளர் அந்தோனியோ ஹபாஸ் வேறு மாதிரி. பின்னால் மூன்றே மூன்று தடுப்பாட்டக்காரர்கள், அவர்களுக்கு முன்னால் ஐந்து பேர், எல்லோருக்கும் முன்னே இரண்டு பேர் என்று அணியை நிறுத்துபவர். அந்த ஐவரில் இரண்டு ஓரத்திலும் நிற்பவர்களுக்கு 'விங்-பேக்' என்று பெயர். தாக்கும்போது விங்கர், தடுக்கும்போது பேக். ஆக, கோட்டின் இந்த முனையில் இருந்து அந்த முனை வரை ஓரம் முழுக்க ஒரே ஆள் பொறுப்பு. சூசைராஜுக்கு அந்த இடது ஓரம் கிடைத்தது.

இதை மாமா சொல்லும் விதமே தனி. "நல்லா வலை விடுதவன ஏத்திட்டுப் போயி, வலையும் விடு, இன்ஜினையும் பாத்துக்கன்னு சொன்னா, போன பாடு மாதிரியா மீன் வரும்? ஆனா படகு ஒழுங்கா கரைக்கு வந்துச்சா இல்லையா, அதப் பாரு!"

வந்துதான் சேர்ந்தது. 2020 மார்ச் 14 அன்று கோவாவின் ஃபதோர்தாவில் நடந்த இறுதிப் போட்டியில் ஏ.டி.கே. 3-1 என்று நம் சென்னையின் அணியை வீழ்த்திக் கோப்பையை எடுத்தது. கொரோனா நுழைந்துகொண்டிருந்த நேரம் என்பதால் ஆளில்லாத மைதானம். ஒரு தமிழ்க் கடற்கரைப் பையன் கோப்பையைத் தூக்குகிறான், எதிரே தோற்றது சென்னை. அன்றிரவு கைதட்டுவதா வேண்டாமா என்று பல வீடுகளில் குழப்பமாகத்தான் இருந்திருக்கும்.

மருமகன் அசரவில்லை. கோப்பை அணிக்குக் கிடைத்தது, ஃபார்ம் ஆட்டக்காரனுடையது என்பது அவர் வாதம். அதுவும் ஒதுக்கிவிடக் கூடியது இல்லை. லிவர்பூலில் 142 ஆட்டத்தில் 81 கோல் அடித்த ஃபெர்னாண்டோ டோரஸ், 2011 ஜனவரியில் 50 மில்லியன் பவுண்டுக்கு செல்சிக்குப் போனார். அங்கே 172 ஆட்டத்தில் 45 கோல்தான். ஆனால் 2012-ல் சாம்பியன்ஸ் லீக் வென்ற அணியில் அவரும் இருந்தார். இன்றைக்கும் செல்சியில் அவர் ஜெயித்தாரா தோற்றாரா என்று கேட்டால் லண்டனிலேயே ஒரே பதில் வராது. தருவைகுளத்தில் மட்டும் வருமா?

மருமகனின் அடுத்த அஸ்திரம் நந்தகுமார் சேகர். சென்னைப் பையன், இவரும் ஒரு காலத்தில் சென்னை சிட்டி. 2023 ஏப்ரலில் ஒடிஷாவோடு சூப்பர் கோப்பை வென்றுவிட்டு, ஈஸ்ட் பெங்காலுக்கு மாறினார். ஆகஸ்ட் 12 அன்று டியூராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அவர் அடித்த ஒரே கோலில், நாலரை வருஷமாக அந்த டெர்பியில் ஜெயிக்காத ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது. 2024 ஜனவரி 28-ல் இன்னும் பெரிய கூத்து. சூப்பர் கோப்பை இறுதி, புவனேஸ்வர் மைதானம், எதிரே பழைய கிளப் ஒடிஷா. அங்கேயும் கோல் போட்டார் நந்தா. 3-2 என்று ஈஸ்ட் பெங்கால் வென்றது. 12 வருஷத்துக்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த தேசியக் கோப்பை.

"பாத்தீங்களா மாமா? கிளப் மாறுனா இப்படி மாறணும்!"

"அவன அவன் இடத்துலயே ஆட விட்டாங்கல்லா!" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு மாமா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பக்கத்தில் இருந்த ஒருவர், 2024 நவம்பரில் முகமதன் அணியோடு ஆடும்போது இதே நந்தா அரை மணி நேரத்துக்குள் சிவப்பு அட்டை வாங்கியதை ஞாபகப்படுத்தினார். அடுத்த நிமிடமே இன்னொருவரும் வெளியேற, ஒன்பது பேரோடு மல்லுக்கட்டி ஈஸ்ட் பெங்கால் 0-0 என்று தப்பியது. ஃபார்ம் என்பது கச்சான் காற்று மாதிரி, யாருக்கும் நிரந்தரமாக வீசுவதில்லை என்று அவர் ஆரம்பிக்க, டீ வந்து காப்பாற்றியது.

இத்தனை நேரமும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், படகில் பங்குக்குப் போகும் ஒருவர். அவருடைய பதினாறு வயது மகன் இடது காலில் நன்றாக ஆடுகிறான். அரசு விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அனுப்பச் சொல்லிப் பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். படகுக்குக் கூட்டிப் போனால் அடுத்த வருஷமே அரைப் பங்காவது வரும். அவர் கேட்டார்.

"அண்ணாச்சி, அந்தப் பையனுக்குக் கால்ல அடிபட்டுச்சுல்லா, அதச் சொல்லுங்க."

2020 நவம்பர் 20. ஏ.டி.கே.யும் மோகன் பகானும் ஒன்றாகச் சேர்ந்த பிறகு அந்த அணியின் முதல் ஐ.எஸ்.எல். ஆட்டம், கேரளா பிளாஸ்டர்ஸுடன். கால்மணி நேரம்கூட ஆகவில்லை, சூசைராஜ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். 1-0 என்று அணி ஜெயித்தது. அவருக்கு அந்த சீசன் அன்றோடு முடிந்தது. பிறகு 2022-ல் ஒடிஷாவுக்குப் போனார். ஃபார்ம் வாதத்தில் ஆதரவோ எதிர்ப்போ, எந்தக் கட்சியும் இந்தக் கால்மணி நேரத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை. விசித்திரம்தான். ஓடி ஓடி ஓரம் முழுக்க அளந்த அந்த முழங்கால்தான் அந்த மனிதரின் முதலீடு என்பது, ஸ்கோர் பார்க்கிறவர்களுக்கு எட்டாமல் போய்விடுகிறது.

"சரி, கால் போச்சுன்னா பங்கு உண்டா?" என்று கேட்டார் தகப்பனார்.

கடையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு மருமகன்தான் பொறுமையாகச் சொன்னார். பெரிய கிளப்பில் ஒப்பந்தம் இருக்கும் வரை சம்பளம் வரும். ஒப்பந்தம் முடிந்த பிறகு, கால் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் அடுத்தவன் கூப்பிடுவான். சின்ன கிளப்பில் என்றால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே இதையெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும். அணியே இல்லாமலும் போகலாம். 2019 மார்ச்சில் ஐ-லீக்கை வென்ற சென்னை சிட்டி இன்று களத்தில் இல்லையே! படிப்பை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டால், விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்காவது போகலாம்.

"கடல்ல மட்டும் எழுதியா குடுத்திருக்கு?" என்றார் மாமா, யாரையும் பார்க்காமல்.

தகப்பனார் பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலையில் மகனைக் கூட்டிக்கொண்டு, சான்றிதழ் நகல் எடுக்கத் தூத்துக்குடி பஸ் ஏறினார். பஸ் கிளம்பும் முன் மருமகன் ஜன்னல் ஓரம் ஓடிவந்து பையனிடம் சொன்னார்: "எந்த இடத்துல ஆடுவேன்னு கேட்டா ஃபார்வர்டுன்னு சொல்லு, என்ன?"

"இடது பக்கம்னு மட்டும் சொல்லுல மக்கா," என்று பின்னாலிருந்து மாமா கத்தினார். "மிச்சத்த அவங்க பாத்துக்கிடுவாங்க!"

பையன் இரண்டு பேருக்கும் சேர்த்துத் தலையாட்டினான். பஸ் போன பிறகும் இருவரும் ஸ்டாப்பில் நின்றே பேசிக்கொண்டிருந்தார்கள்.