முள்ளிக்குளத்து முருங்கைகள்

முருங்கை பல்லாண்டுத் தாவரம் என்று பாடசாலையில் கற்பிக்கிறோம். பாதி உண்மையைத்தான் கற்பிக்கிறோம். நட்டு மறந்துவிட்டால் மரம் உயர்ந்துகொண்டே போகும். காய் எட்டாத உச்சிக்கு ஏறும். மெதுமையான கொப்பு காற்றுக்கு முறியும். காய் ஓய்ந்ததும், மாரிக்கு முன்னர், மூன்றடி அளவு அடிமரத்தை விட்டு வெட்டிவிட வேண்டும். பார்ப்பவர்க்கு அது கொடுமையாகத் தோன்றும். மழை விழுந்ததும் வெட்டுவாயருகே தளிர்கள் முட்டிக்கொண்டு வரும். வலிய நாலைந்தை விட்டு ஏனையவற்றைக் கிள்ளியெறிய வேண்டும். அடியில் எருவிட வேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகும். மயிர்க்கொட்டி அடிமரத்தில் கூட்டமாக ஒட்டியிருக்கும்போதே பந்தம் பிடிக்க வேண்டும்.

வெட்டிய கொப்பும் வீணன்று. மூன்று நாலடித் தடியாக நறுக்கி, மேல்முனையில் சாணம் அப்பி நட்டால் அக்கதியாலே மரமாகும். தாய்மரத்தின் குணம் மாறாது. தமிழ்நாட்டுப் பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.-1 விதையிலிருந்து ஆறு மாதத்திலேயே காய்ப்பதுதான். ஆயினும் வெட்டிவிட்டால்தான் மேலும் சில ஆண்டுகள் பயன்தரும். நுவரெலியாவில் விளையும் ஸ்ட்ராபெரியும் இதற்கு விலக்கன்று. சில ஆண்டுகளில் தாய்ச்செடி களைத்துவிடும். அதன் ஓடுகொடியில் வேர்விட்ட கன்றைப் பிரித்து நடுபவனுக்கே மீண்டும் பழம் கிடைக்கும்.

ஆக, ஆண்டுதோறும் காய்ப்பதற்கு மரத்தருகே ஆண்டுதோறும் ஒரு கை இருக்க வேண்டும். முள்ளிக்குளத்தில் அந்தக் கை இருக்கவில்லை. 2007 செப்டெம்பரில் ஊர் முழுவதும் வெளியேற்றப்பட்டது. கதியாலைச் சுமந்துகொண்டு ஓடியவர் எவர்? போர் 2009இல் முடிந்தது; ஊரில் கடற்படைத் தளம் நின்றது. மக்கள் அருகிலுள்ள மலங்காட்டிலும் காயாக்குழியிலும் கொட்டில்களில் காத்திருந்தனர். 2017 மார்ச்சில் வீதியோரம் அமர்ந்து போராடிய பின்னரே, ஏப்ரல் 29ஆம் நாள் நூறு ஏக்கர் விடுவிக்க இணக்கம் ஏற்பட்டது. வீடுகள் இருந்த பகுதி அப்போது கைக்கு வரவில்லை. முருங்கை நிற்பது வீட்டு வளவில் அல்லவா?

"நிலந்தான் கிடைத்ததே, இன்னும் என்ன குறை?" என்று நகரத்து நண்பர்கள் கேட்கின்றனர். ஏக்கர்க் கணக்கை வரைபடம் காட்டும். வெட்டப்படாத பத்து ஆண்டுகளை அது காட்டாது. திரும்புகிறவர் முதற்காயைக் காணும்வரை எதை உண்பது? நிலத்தோடு அந்தக் காலத்துக்குரிய உணவையும் நடுபொருளையும் கொடுப்பது அரசின் கடன் என்பதே நம் கருத்து. மாரி தொடங்குமுன் கதியால் ஊன்ற வேண்டும். அதை வெட்டியெடுக்கப் பக்கத்து வளவில் ஒரு நல்ல மரமாவது நிற்க வேண்டும்.