கடல் மட்டத்துக்குக் கீழே ஒரு பாத்ரூம்!

சியாட்டில் போனால் படகுத்துறையை அவசியம் பாருங்கள். வரிசையாகப் பாய்மரப் படகுகள். உள்ளே டாய்லெட், பீரோ சைஸ்தான்! ஆனால் விஷயம் இருக்கிறது சார். கோப்பை பெரும்பாலும் கடல் மட்டத்துக்குக் கீழே. அதனால் குழாயை மட்டத்துக்கு மேலே வளைத்து, உச்சியில் காற்று வால்வு வைக்கணும். இல்லாவிட்டால் சைஃபன் ஆகி, ராத்திரியோடு ராத்திரியாகக் கடல் உள்ளே வந்துவிடும். படகு அம்பேல்!

அங்கே பியூஜெட் சவுண்ட் கடலில் டாய்லெட் கழிவை விட, சுத்திகரித்திருந்தாலும்கூட, 2018-ல் தடை போட்டுவிட்டார்கள். தொட்டியில் சேர்த்து வைத்து, கரையில் பம்ப் போட்டு உறிஞ்சி எடுக்க வேண்டியதுதான்.

நாற்றமா? வெந்நீரில் நனைத்த துணியைக் குழாயில் சுற்றுங்கள். ஆறியதும் மோந்து பாருங்கள். துணி நாறினால் குழாயையே மாற்றணும். சென்ட் அடித்துப் பிரயோஜனமில்லை!