தலைநகரம் கைவிட்ட ஊர்

பாட்னாவுக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 100 கி.மீ. தொலைவில் இருக்கிறது ராஜ்கிர். நாலந்தா இடிபாடுகளைப் பார்க்கப் போகிறவர்கள், வழியில் சிலாவ் கடைத்தெருவில் பெயர்பெற்ற காஜா இனிப்பை வாங்கிக் கொறித்துக்கொண்டே மத்தியானத்துக்கு மேல் ஒரு நடை வந்துவிட்டுப் போகும் ஊர். இழுவை நாற்காலியில் ரத்னகிரிக்கு ஏறி, ஜப்பானிய பிக்குகள் கட்டி 1969-இல் குடியரசுத் தலைவர் வி.வி. கிரி திறந்துவைத்த வெள்ளை ஸ்தூபியைப் பார்ப்பார்கள். படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். ஊரின் வயதோடு ஒப்பிட்டால் அந்த ஸ்தூபி நேற்றையது.

இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், முஸ்லிம்கள், சீக்கியர்கள் என ஐந்து தரப்பாரும் இங்கே யாத்திரை வருகிறார்கள். சுற்றுலாக் கையேடுகள் இதை மத நல்லிணக்கம் என்று மெச்சிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். இத்தனை பேரும் ஏன் இந்த ஒரே ஊருக்கு வந்து சேர்ந்தார்கள் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. பதில் மலையிலும் மதிலிலும் இருக்கிறது.

வைபாரம், விபுலம், ரத்னம், உதயம், சோணம் என்று ஐந்து மலைகள். நடுவில் பள்ளத்தாக்கு. இயற்கையே பாதிக் கோட்டையைக் கட்டிக் கொடுத்த இடத்தில் மகத மன்னர்கள் மீதிப் பாதியைக் கட்டினார்கள். மலை முகடுகளின் மேலேயே ஏறி இறங்கிச் செல்லும் அந்த மதிலின் நீளம் ஏறத்தாழ 40 கி.மீ. செதுக்காத பாறைகள், மூன்றடி முதல் ஐந்தடி வரை நீளமானவை, சாந்து கிடையாது. ஒன்றோடொன்று பொருத்தி, இடுக்குகளில் சின்னக் கற்களைச் செருகியிருக்கிறார்கள். தெற்கே பாண்கங்கைக் கணவாய் அருகே இன்றும் பதினோரு, பன்னிரண்டு அடி உயரத்துக்கு நிற்கிறது. மௌரியர்களுக்கு முந்தையது என்பது பொதுவான கருத்து. 1905-06-இல் தொல்லியலாளர் ஜான் மார்ஷல் இதை ஆராய்ந்து எழுதினார். எந்த மதமும் சொந்தம் கொண்டாடாததாலோ என்னவோ, யாத்திரிகர் யாரும் இதன் அருகே நிற்பதில்லை.

இந்த மதிலுக்குள் இருந்த நகரம்தான் கிரிவ்ரஜம், ராஜகிருகம். தமிழிலும் இதற்கு ஒரு பெயர் உண்டு: இராசகிரியம். கொங்குவேளிரின் பெருங்கதையில் மகத காண்டம் நடப்பது இங்கேதான். காப்பியத் தலைவன் உதயணன் மாறுவேடத்தில் வந்து, மகத மன்னன் தருசகனின் தங்கை பதுமாபதியை மணக்கும் ஊர் இது.

தலைநகரம் என்றால் அரண்மனையும் வணிகர்களும் இருப்பார்கள். அவர்கள் இருந்தால் பிச்சைக்குக் குறைவிருக்காது. வீட்டைத் துறந்தவர்களுக்குக் குகை தர மலையும் பக்கத்திலேயே இருந்தது. கி.மு. ஆறாம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் புத்தரும் மகாவீரரும் இங்கே திரும்பத் திரும்ப வந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. மகாவீரர் 14 மழைக்காலங்களை இங்கே கழித்தார் என்பது சமண மரபு. இருபதாம் தீர்த்தங்கரர் முனிசுவிரதர் பிறந்த ஊரும் இதுவே என்பார்கள். புத்தருக்கு மன்னன் பிம்பிசாரன் வேணுவனம் என்ற மூங்கில் தோப்பைத் தானமாகத் தந்தான். கிருத்ரகூடம் என்னும் கழுகுக் குன்றில் அவர் போதித்தார். அவர் மறைந்த பிறகு முதல் பௌத்த மாநாடு கூடியது வைபார மலையின் சப்தபர்ணி குகையில்.

பிம்பிசாரனை இரு தரப்பும் தங்கள் ஆள் என்கின்றன. சமண நூல்களில் அவன் பெயர் சிரேணிகன். மகன் அஜாதசத்ருவால் சிறையிடப்பட்டுச் செத்தான் என்பதில் இரண்டு மரபுக்கும் கருத்து வேறுபாடில்லை. எப்படிச் செத்தான் என்பதில்தான் கதை பிரிகிறது. மகன் பட்டினி போட்டுக் கொன்றான் என்கிறது பௌத்தம். மனம் மாறிய மகன் விலங்கை உடைக்க ஆயுதத்தோடு ஓடி வந்தான், கொல்லத்தான் வருகிறான் என்று எண்ணிய தந்தை நஞ்சுண்டு மாண்டான் என்கிறது சமணம். பள்ளத்தாக்கில் இரண்டு மீட்டர் கனச் சுவரோடு ஒரு சதுர இடிபாட்டைக் காட்டி, அதுதான் சிறை என்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் கழுகுக் குன்று தெரியும். சிறையிலிருந்தபடியே பிம்பிசாரன் புத்தரைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்ற கதைக்கு அது போதுமானதாகிவிட்டது.

பிறகு தலைநகரம் கங்கைக் கரைக்கு, பாடலிபுத்திரத்துக்குப் போய்விட்டது. ராஜ்கிரின் கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். என் எண்ணத்தில், அங்கேதான் அது தொடங்குகிறது. அரசன் இருக்கும் ஊரில் ஒரு வம்சம் கட்டியதை அடுத்த வம்சம் இடித்துத் தன்னுடையதைக் கட்டும். அரசன் போய்விட்ட ஊரில் அப்படி இடிப்பதற்குப் பணமும் இல்லை, அவசியமும் இல்லை. வந்தவர்கள் எல்லாரும் முன்னவர் விட்டுப் போனதன் பக்கத்திலோ மேலேயோ தங்கள் துண்டை விரித்துக்கொண்டார்கள்.

வைபார மலை ஏறும் வழியில் இதைக் கண்ணாலேயே காணலாம். முரட்டுக் கற்களால் அடுக்கிய உயரமான மேடை ஒன்று நிற்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது ஜராசந்தனின் இருக்கை. பீமனோடு மல்யுத்தம் செய்து இரண்டாகக் கிழிபட்டானே, அந்த மகத மன்னன். பௌத்தர்களுக்கு அது மகாகாசியபர் தங்கிய பிப்பலக் கல்வீடு. தொல்லியலாளர்களைக் கேட்டால், மதிலோடு சேர்ந்த காவல் மேடையாக இருக்கலாம் என்பார்கள். இன்னும் மேலே போனால் பாழடைந்த சமணக் கோயிலும் பாழடைந்த சிவன் கோயிலும் அருகருகே கிடக்கின்றன.

கீழே சோன் பண்டார் குகைகள். பிம்பிசாரனின் தங்கம் உள்ளே இருக்கிறது, சுவரிலுள்ள எழுத்தைப் படித்தால் கதவு திறக்கும் என்று வழிகாட்டிகள் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். படித்தறிந்த எழுத்தில் தங்கப் பேச்சு இல்லை. வைரதேவர் என்ற சமண முனிவர் துறவிகளுக்காகக் குகைகளைக் குடைவித்து அருகர் திருவுருவங்களை அமைத்தார் என்கிறது, கி.பி. 3-4ஆம் நூற்றாண்டு எழுத்தமைதி கொண்ட ஒரு கல்வெட்டு. அதே குகை வளாகத்தில் கருடன் மேல் அமர்ந்த விஷ்ணுவும் கிடைத்திருக்கிறார். தங்கம்தான் கிடைக்கவில்லை.

என்னைக் கேட்டால், ராஜ்கிரில் தவறவிடக் கூடாதது மணியார் மடம். மேட்டின் உச்சியில் ஒரு சிறு சமணக் கோயில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் தொல்லியலாளர் கன்னிங்ஹாமும் பின்னர் வந்தவர்களும் தோண்டியபோது, அடியில் வட்டமான செங்கல் கட்டடம் வெளிப்பட்டது. அதைச் சுற்றிச் சுதை உருவங்கள்: மாலை சூடிய லிங்கம், ஆடும் சிவன், நாகர்கள், நாகினிகள். பக்கத்தில் பல மூக்குகள் வைத்த மண்பானைகள் குவியலாகக் கிடைத்தன. மணிநாகம் என்ற பெயர் பொறித்த ஒரு சிற்பமும் அகப்பட்டது. மகாபாரதம் இந்த ஊரை மணிநாகனின் இருப்பிடம் என்கிறது. ஐந்து பெரிய மதங்களுக்கும் அடியில், இன்று யாரும் யாத்திரைக் கணக்கில் சேர்க்காத நாக வழிபாடு ஒன்று இருந்திருக்கிறது.

இனி வெந்நீர். வைபார மலையடிவாரத்து ஊற்றுகளைப் பாலி நூல்கள் தபோதா என்று குறிக்கின்றன. சீன யாத்திரிகர் யுவான் சுவாங்கும் இவற்றைப் பார்த்தார். எரிமலை எதுவும் இங்கே இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகளில் ஆழமாக இறங்கிச் சூடேறித் திரும்புகிறது. பிரம்ம குண்டத்தின் நீர் சுமார் 45 டிகிரி செல்சியஸ். மூன்றாண்டுக்கொரு முறை கூடுதலாக வரும் அதிக மாதத்தில், முப்பத்துமுக்கோடி தேவர்களும் ராஜ்கிரில்தான் தங்குகிறார்கள் என்று நம்பி மல்மாஸ் மேளாவுக்குக் கூட்டம் திரளும். காக்கைக்கு மட்டும் அழைப்பு போகவில்லையாம். அந்த மாதம் முழுக்க ஊரில் காக்கையைக் காண முடியாது என்று சத்தியம் செய்வார்கள்.

விபுல மலையடிவாரத்து ஊற்று மக்தூம் குண்டம். பீகாரின் பெரிய சூஃபி மக்தூம் ஷரஃபுத்தீன் யஹ்யா மனேரி, 14ஆம் நூற்றாண்டில், ராஜ்கிர் காட்டில் பல ஆண்டுகள் தவமிருந்தார். பின்னர் அவர் சீடருக்கு எழுதிய நூறு கடிதங்கள் இன்றும் படிக்கப்படுகின்றன. குரு நானக் 1506-இல் வந்தார் என்பது சீக்கிய மரபு. எல்லா ஊற்றும் கொதிக்கிறதே, குடிக்கத் தண்ணீர் இல்லையே என்று மக்கள் முறையிட, அவர் அருளால் ஒன்று குளிர்ந்ததாம். அந்தச் சீதள குண்டத்தருகே குருத்வாரா எழுந்திருக்கிறது.

இன்று விடுதிகளும் ஆழ்துளைக் கிணறுகளும் பெருகிவிட்டன. கோடையில் சில வெந்நீர்த் தாரைகள் வற்றுவது செய்தியாகிறது. 2022 நவம்பரில், வீடுதோறும் குடிக்கக் கங்கை நீரைக் குழாய் வழியே கொண்டுவரும் திட்டத்தை மாநில அரசு ராஜ்கிரில்தான் தொடங்கியது. நல்ல காரியம், ஆனால் குழாயில் கங்கை வந்த பிறகும் பூமிக்குள் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் பயனில்லை. எந்த மடம், எந்த விடுதி என்று பாராமல், ஊற்றுகளைச் சுற்றி ஆழ்துளைக் கிணறு தோண்டுவதை அரசு தடுத்தாக வேண்டும்.