தவளைத் தோல்

அமெரிக்காவில் இருக்கும் நண்பனுக்குப் பழைய ராணுவச் சட்டை சேர்க்கும் வியாதி. போன மாதம் சிக்கியது 1942-ன் 'தவளைத் தோல்'. ஒருபக்கம் பச்சைத் திட்டு, திருப்பிப் போட்டால் பழுப்பு. வரைந்தவர் நார்வெல் கில்லெஸ்பி, பத்திரிகையில் தோட்டக்கலை எழுதியவர். (நம்மாளு!) 1944-ல் நார்மண்டியில் இதைப் போட்டிருந்த அமெரிக்கர்களைச் சொந்த ஆட்களே ஜெர்மன் எஸ்.எஸ். என்று நினைக்க, கழற்றச் சொல்லிவிட்டார்கள்.

இன்றைக்குக் கிராக்கி. ஆகவே போலியும் உண்டு. இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டினால் போலி நீலமாக மின்னும். டிஸ்கோவில் உங்கள் வெள்ளைச் சட்டை மின்னுமே, அதே ரசாயனம். போருக்கு அப்புறம்தான் துணியில் பரவலாக வந்தது.

வீடியோ காலில் விளக்கைப் போட்டான். சட்டை திருவிழா மாதிரி ஜொலித்தது.

"எவ்வளவுடா நஷ்டம்?" என்றேன். பி.காம். புத்தி.

பின்னாலிருந்து அவன் மனைவி: "ஒரே நாத்தம்ணா. நேத்துதான் மெஷின்ல போட்டேன்."

சோப்புத்தூளிலும் அதே ரசாயனம்தான். அசலோ போலியோ, இனி அந்த விளக்கு வாய் திறக்காது.