இரண்டாவது கார்டு



பேரன் பத்து நாளாக ஒரே பிடிவாதம். இரண்டு கிராபிக்ஸ் கார்டு போடுகிற கேமிங் மதர்போர்டுதான் வேண்டுமாம். "இப்ப ஒண்ணு, அடுத்த தீபாவளிக்கு இன்னொண்ணு தாத்தா." பென்ஷன் பணம்தானே என்று ராஜபாளையத்தில் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய மாணவன் கடைக்குப் போனோம்.

விலை உயர்ந்த போர்டு கண்ணெதிரே இருக்க, "வேண்டாம் சார்" என்றான். 2004இல் என்விடியா எஸ்.எல்.ஐ. கொண்டுவந்தபோது இரட்டைக் கார்டுக்குத் தனி மவுசாம். 2021 முதல் புது விளையாட்டுகளுக்கு அதற்கான டிரைவர் ஏற்பாட்டை அவர்களே நிறுத்திவிட்டார்களாம். 4090 கார்டில் இணைப்பு வைக்கவே இடமில்லை.

"பிராசசர்லேருந்து கார்டுக்குப் பெரும்பாலும் 16 பாதைதான் சார். ரெண்டு சொருகினா எட்டு எட்டாப் பிரியும். சில போர்டுல ரெண்டாவது ஸ்லாட்டுக்கு நாலுதான். ஏஐ, 3டி வேலைக்கு ரெண்டு கார்டு உதவும். கேமுக்கு ஒரு நல்ல கார்டு போதும்."

பத்தாம் வகுப்பில் ஓம் விதி கேட்டால் ஜன்னலைப் பார்த்தவன்! பல ஆயிரம் ரூபாய் வியாபாரத்தை வேண்டாமென்று, சாதாரண போர்டுக்குப் பில் போட்டான்.

பஸ் ஸ்டாண்ட் வரை பேரன் வாய் திறக்கவில்லை. பால்கோவா வாங்கித் தந்த பிறகுதான், "மிச்சப் பணத்துல பெரிய மானிட்டர் வாங்கலாமா தாத்தா?" என்றான். இன்னும் பதில் சொல்லவில்லை.